பிட் ரிவர்ஸில் நாகர் அலமாரி

கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்துதான் வாசிக்க முடிந்தது.

பொருளோடு நூலில் கட்டிய சின்னச் சீட்டு. பழைய மையில் பொடிப்பொடிக் கையெழுத்து. எந்த மலை, எந்த ஆண்டு, எந்த வெள்ளைக்கார அதிகாரி கொடுத்தார் என்ற விவரம். செய்தவர் பெயரைத் தேடினேன். இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகம். இந்தியாவின் வடகிழக்கு மலைகளில் வாழும் நாகர் மக்களின் பொருள்கள் உலகிலேயே அதிகமாகச் சேர்ந்திருப்பது இங்கேதான். ஹட்டன், மில்ஸ் என்ற இருவர் கொடுத்தவை ஏராளம். இருவருமே நாகர் மலையை ஆண்ட பிரிட்டிஷ் அதிகாரிகள். ஆள்பவன் வந்து கேட்கும்போது மறுக்க யாருக்குத் தைரியம் இருந்திருக்கும்?

நாகர்களின் மண்டையோடுகளும் இங்கே காட்சியில் இருந்தன. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்துப் போனார்கள். யாரோ ஒருவரின் பாட்டன், பூட்டன்!

2020-ல் 120 மனித எச்சங்களைக் காட்சியிலிருந்து எடுத்தார்கள். நல்ல காரியம். மனதாரச் சொல்கிறேன். ஆனால் கிடங்குக்குப் போவது வேறு, வீட்டுக்குப் போவது வேறு.

இதே ஊரில், ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் ஆதிக்கத்தைப் பரப்பிய செசில் ரோட்ஸின் சிலையை அகற்றலாம் என்று ஓரியல் கல்லூரி அமைத்த ஆணையத்திலேயே பெரும்பான்மையினர் சொன்னார்கள். செலவையும் சட்டச் சிக்கலையும் காட்டி 2021-ல் கல்லூரி அந்த யோசனையைக் கைவிட்டது. சிலை அப்படியேதான் நிற்கிறது.

2025 ஜூனில் நாகர் பெரியவர்களும் இளைஞர்களும் இங்கே வந்தார்கள். தங்கள் முன்னோரைப் பார்க்க அத்தனை தூரம்! இனி எது எங்கே போக வேண்டும், எப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். அருங்காட்சியகத்தை நடத்தும் பல்கலைக்கழகம் பெட்டியைத் திறந்து கொடுத்தால் போதும்.