எங்கோ இருக்கும் அப்பாவின் கையெழுத்து

"அந்த ஆள் போய் ஆறு வருஷம் ஆச்சு சார். பையனை வளர்க்கிறது இவர்தான். அப்பான்னு இவர் பேரைப் போட முடியாதா?" குடும்ப வழக்கு பார்க்கும் வக்கீல் அலுவலகங்களில், விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்துகொண்ட தாய் புதுக் கணவரைக் காட்டி அடிக்கடி கேட்கும் கேள்வி. எல்.கே.ஜி. சேர்க்கைப் படிவமோ பாஸ்போர்ட் விண்ணப்பமோ கைக்கு வரும்போதுதான் பெரும்பாலும் இது எழும்.

விவாகரத்து அறுப்பது கணவன் மனைவி உறவை மட்டும். பெற்ற தகப்பன் தகப்பனாகவே இருக்கிறார். புதுக் கணவர் சட்டப்படி அப்பாவாக வேண்டுமென்றால் பையனைத் தத்தெடுக்கவேண்டும். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி தாயும் தத்துக் கொடுக்கலாம்; ஆனால் தகப்பனின் சம்மதம் வேண்டும். அவர் முற்றிலும் துறவு பூண்டிருந்தால், இந்துவாக இல்லாமல் போயிருந்தால், மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றம் அறிவித்திருந்தால் சம்மதம் தேவையில்லை. குழந்தையைக் கைவிட்டுப் போனது இந்த மூன்றில் சேராது. காசிக்குப் போய்ச் சந்நியாசியானவருக்கு விலக்கு உண்டு, திருப்பூருக்குப் போய் வேறு குடும்பம் நடத்துபவருக்கு இல்லை. இது நியாயமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் சட்டம் இன்றைக்கு அப்படித்தான் இருக்கிறது.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது கல்யாணப் பேச்சுக்குச் சரி, தத்துக்குச் சரிப்படாது. இதை ஒதுக்கிவிட்டு நோட்டரி கையெழுத்தோடு ஒரு தத்துப் பத்திரம் எழுதிக்கொள்பவர்கள் உண்டு. கொடுத்தவர், எடுத்தவர் இருவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்த பத்திரமாக இருந்தாலும், தத்து முறைப்படி நடந்தது என்ற அனுமானத்தை மட்டுமே 16ஆம் பிரிவு தருகிறது. எதிர்ச் சாட்சியம் வந்தால் அது உடையும். வழக்கைக் கொண்டுவருவது ஓடிப்போன தகப்பனாகத்தான் இருக்கும் என்றில்லை. வளர்த்தவர் காலமானபின், சொத்துப் பிரிக்கும் நாளில், அவருடைய அண்ணன் தம்பிகள் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்து "பெத்தவன் கையெழுத்து எங்கே?" என்பார்கள். வளர்ப்புத் தந்தைக்கு ஏற்கெனவே ஒரு மகன் இருந்தால் இந்தச் சட்டப்படி இன்னொரு மகனைத் தத்தெடுக்கவும் முடியாது. சாதி வழக்கம் அனுமதித்தாலன்றி, 15 வயது நிரம்பினால் இந்த வழியே மூடிவிடும்.

இன்னொரு வழி, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும் 2022ஆம் ஆண்டு தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும். மதம் தடையில்லை, மகன் இருக்கிறானா என்ற கேள்வி இல்லை, 18 வயது வரை செல்லும். மாற்றாந்தகப்பன் தத்தெடுப்புக்கு இரண்டு வருட மணவாழ்க்கை என்ற நிபந்தனையும் பொருந்தாது. மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான காராவின் கேரிங்ஸ் இணையதளத்தில் தம்பதி பதிவு செய்ய, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக விண்ணப்பம் நகரும். 2022 செப்டம்பர் 1 முதல் ஆணை பிறப்பிப்பவர் நீதிபதி அல்ல, மாவட்ட ஆட்சியர். ஆனால் இங்கும் பெற்றவரின் சம்மதப் படிவம் கேட்பார்கள். குழந்தையின் பொறுப்பு குறித்து வழக்கு நடந்துகொண்டிருந்தால், அது முடியும்வரை விண்ணப்பத்தைத் தொடங்கவே முடியாது.

கோப்பு சிக்குவது பெரும்பாலும் விவாகரத்துத் தீர்ப்பில்தான். எதிர்தரப்பு வராததால் எக்ஸ்பார்ட்டியாகக் கிடைத்த தீர்ப்பில் திருமணம் முறிந்தது என்று மட்டும் இருக்கும். குழந்தையைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. கேட்டிருந்தால்தானே கொடுப்பார்கள்? பரஸ்பர சம்மத விவாகரத்தில் "குழந்தை மீது உரிமை கோரமாட்டேன்" என்று எழுதி வாங்கியிருப்பார்கள். அது தத்துக்கான சம்மதம் ஆகாது என்று கோப்பு திரும்பி வரலாம். முடிந்தால் விவாகரத்து மனுவிலேயே குழந்தையின் பொறுப்பையும் நிரந்தரமாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஆளைத் தேடியதற்கு ஆதாரம் சேர்ப்பது தனி வேலை. கடைசியாகத் தெரிந்த விலாசம், அவருடைய பெற்றோர் வீடு, வேலை பார்த்த இடம் என மூன்றுக்கும் ஒப்புகையோடு தபால் அனுப்புங்கள். "விலாசதாரர் இல்லை" என்று திரும்பி வரும் கவரைப் பிரிக்கவே கூடாது. தபால்காரர் எழுதிய குறிப்போடு, ஒட்டியபடியே கோப்பில் இருக்கட்டும். பிறகு உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 5, விதி 20ன் கீழ் அவருக்கான அறிவிப்பை நாளிதழில் விளம்பரமாக வெளியிட நீதிமன்றத்தில் மனு போடலாம். ஏழு ஆண்டாக யாருக்கும் தகவல் இல்லையென்றால் இறந்ததாக அனுமானிக்கும் விதி உண்டு; அவர் ஃபேஸ்புக்கில் படம் போட்டுக்கொண்டிருந்தால் அது உதவாது.

ஆள் கிடைத்து, மறுக்கிறார் என்றால் காரணம் பெரும்பாலும் பாசமல்ல, ஜீவனாம்ச பாக்கி. தத்து முடிந்தபின் அந்தக் குழந்தைக்குப் பராமரிப்பு கொடுக்கும் கடமை அவருக்கு இல்லை என்பதை வக்கீல் மூலம் எழுத்தில் சொன்னால் பிடிவாதம் தளர்வதுண்டு. பழைய பாக்கியைத் தள்ளுபடி செய்கிறேன் என்று அவசரப்பட்டு வாக்குக் கொடுக்காதீர்கள், கையெழுத்தை விலைக்கு வாங்கியதாக அது திரும்பும். அதற்கும் மசியாவிட்டால், அரசியல் சாசனத்தின் 226ஆம் உறுப்பின் கீழ் உயர்நீதிமன்றத்தில் ரிட் போட்டுக் குழந்தையின் நலனை முன்வைத்துப் பார்க்கலாம். பலன் உறுதியில்லை, செலவு உறுதி.

அதுவரை குழந்தையின் வேலைகள் நிற்கவேண்டியதில்லை. தகப்பன் அக்கறையின்றி விலகியிருந்தால் அவர் உயிரோடு இருக்கும்போதே தாய் இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு பெற்றோர் பெயர் மட்டும் போட்டு பாஸ்போர்ட் வாங்க 2016 டிசம்பரிலிருந்து வழி இருக்கிறது. மற்றவரின் சம்மதம் கிடைக்காதபோது தாய் இணைப்பு 'சி' உறுதிமொழியைக் கொடுக்கலாம். ஆனால் காப்பாளர் சட்டத்தில் 'தந்தை' என்ற சொல்லில் மாற்றாந்தகப்பன் அடங்கமாட்டார். ஆகவே பள்ளியில் மட்டும் அவர் பெயரைத் தந்தை என்று கொடுத்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் பிறப்புச் சான்றிதழும் இரண்டு அப்பாக்களைக் காட்டும். பிள்ளை வெளிநாட்டுப் படிப்புக்கு ஓடும் வயதில் அதைச் சரிசெய்ய அலையவேண்டிவரும்.

வாரிசுரிமையும் தத்து இல்லாமல் தானாக வராது. வளர்ப்புத் தந்தை இரண்டு சாட்சிகளோடு உயில் எழுதிவிடவேண்டும். அதில் "என் மகன்" என்று மட்டும் எழுதினால் பங்காளிகள் முதலில் பிடித்துக்கொள்வது அந்தச் சொல்லைத்தான். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர், பிறந்த தேதி, பெற்ற தகப்பன் பெயர் மூன்றையும் எழுதி, "என் மனைவியின் மகன், நான் வளர்த்து வருபவன்" என்று சேர்த்துவிடுங்கள்.