அக்குளில் இருந்த கறுப்புப் பொருக்கு

காய்ச்சல் தொடங்கி ஒன்பதாம் நாள்தான் எனக்கு என்ன நோய் என்று தெரிந்தது. அதற்கான தடயமோ முதல் நாளிலிருந்தே என் உடம்பில் இருந்தது. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. ஏதோ பரு என்று விட்டுவிட்டேன்.

முதல் மூன்று நாள் பாராசிட்டமால். மாத்திரை போட்டால் வியர்த்து இறங்கும், சில மணி நேரத்தில் குளிரோடு திரும்ப ஏறும். தலைவலி மண்டையைப் பிளந்தது. நான்காம் நாள் இரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை, மலேரியா இல்லை. தட்டணுக்கள் மட்டும் கொஞ்சம் குறைவு. டைபாய்டுக்குச் செய்யும் வைடால் பரிசோதனை இரண்டுங்கெட்டானாக வர, டைபாய்டாக இருக்கும் என்று செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். வேளை தவறாமல் விழுங்கினேன். காய்ச்சல் அசையவே இல்லை.

ஒன்பதாம் நாள் வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார்.

"சமீபத்துல புதர், புல்லு பக்கம் எங்கேயாவது போனீங்களா?"

வீட்டுக்குப் பின்னால் மண்டிக்கிடந்த புதரை வெட்டியதையும், களைத்துப்போய் அந்தப் புல்லிலேயே சாய்ந்து கிடந்ததையும் சொன்னேன். கணக்குப் பார்த்தால் அதற்கும் காய்ச்சலுக்கும் நடுவே 11 நாள்.

"சட்டையைக் கழற்றுங்க."

காதுக்குப் பின்புறம், கழுத்து, இடுப்பு என்று டார்ச் அடித்துத் தேடினார். இடது கையைத் தூக்கியதும் நிறுத்தினார். அக்குள் மடிப்பில் மிளகு அளவுக்குக் கருகிய பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். சிகரெட்டால் சுட்டதுபோல இருந்தது. பக்கத்தில் நெறி கட்டியிருந்தது.

"இது ஸ்க்ரப் டைபஸ். டைபாய்டு வேற, டைபஸ் வேற."

உண்ணிக் காய்ச்சல் என்றும் இதைச் சொல்கிறார்கள். நான் மாட்டு உண்ணியை நினைத்துக்கொண்டேன். அது இல்லையாம். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சிற்றுண்ணியின் இளம்புழு. வளர்ந்த சிற்றுண்ணி மண்ணில் கிடக்கும் பூச்சி முட்டைகளைத் தின்று பிழைத்துக்கொள்ளும், நம்மைச் சீண்டாது. இளம்புழு மட்டும்தான் எலியையோ மனிதனையோ கடிக்கும். கடித்த இடத்தில் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உள்ளே போகிறது. அது நம் செல்லுக்குள்ளேயே குடியேறிவிடுவதால் பென்சிலின், செஃபிக்சிம் வகை மருந்துகள் அதனிடம் எடுபடாது. நான் விழுங்கியதெல்லாம் வீண்!

இந்தக் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எலிசா பரிசோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். ஆனால் முடிவுக்காக அவர் காத்திருக்கவில்லை. தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போகும் நோய் இது. அன்றைக்கே டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாளைக்கு. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்களாம்.

இந்த மாத்திரையைச் சாப்பிடுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. முதல் இரவு ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுத்தேன். விடிய விடிய நெஞ்செரிச்சல். அப்புறம்தான் சீட்டைப் படித்தேன்: ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், அரை மணி நேரமாவது நிமிர்ந்த உடம்பு, கூடவே பாலோ அசிடிட்டி மருந்தோ கூடாது.

மூன்றாவது மாத்திரைக்குப் பிறகு வியர்த்து இறங்கிய காய்ச்சல் திரும்ப ஏறவில்லை. எலிசா முடிவு பாசிட்டிவ் என்று வந்தபோது நான் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சோர்வு மட்டும் லேசில் விடவில்லை. இரண்டு வாரத்துக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது.

வீட்டில் எல்லோரும் தங்கள் அக்குளைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஆள் தொற்றாது என்று சொல்லியும் கேட்கவில்லை. பொருக்கு ஒரு நாள் துண்டோடு உதிர்ந்து வந்தது. பாதி வெட்டிய புதர் மறுபடி தழைத்துவிட்டது. முழுக்கைச் சட்டை, சாக்ஸுக்குள் செருகிய பேன்ட், பூச்சிவிரட்டி, முடித்த கையோடு குளியல் என்று திட்டமெல்லாம் தயார். வெட்டத்தான் இன்னும் மனசு வரவில்லை.