நாற்காலியைத் தூக்கி வெளியே போட்ட கோயில்

இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் ஊர்க் கோயிலில் அந்தக் காலத்தில் குருவாக இருந்த சார்லஸ் சிமியோன் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது எங்கள் வீட்டுத் திண்ணையில். அப்பா அப்போது பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராம சபையில் உபதேசியார். ஊர் இரண்டு கட்சியாகி, ஒரு கட்சிக்காரர்கள் கோயில் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாலு மாதம் வேப்பமரத்தடியில்தான் ஞாயிறு ஆராதனை. அம்மா கண்ணைக் கசக்கினால் அப்பா சொல்வார்: "கேம்பிரிட்ஜ் ஐயருக்குப் பத்து வருசத்துக்கு மேல பூட்டி வச்சிருந்தாங்க. நமக்கு நாலு மாசம்தானே."

போன அக்டோபரில் லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். "எங்கம்மா போகணும், அரண்மனையப் பாக்கணுமா?" என்று கேட்டாள். கேம்பிரிட்ஜ் போகணும் என்றேன். கிங்ஸ் கிராஸில் ரயிலேறி ஒரு மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிட்டோம்.

முதலில் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயம். பனை ஓலை விசிறிகளை வரிசையாக விரித்துக் கல்லில் பதித்ததுபோல இருக்கிறது மேற்கூரை. வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தபடி நடந்தோம். அங்கே பணியில் இருந்த பெரியவர் ஒருவர் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டு, தானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சிமியோனின் கல்லறை. தரைக் கல்லில் சி.எஸ். என்று இரண்டு எழுத்து, 1836 என்று ஆண்டு. அவ்வளவுதான். குனிந்து விரலால் அந்த எழுத்துகளைத் தடவினேன். கல் சில்லென்று இருந்தது. அப்பா நினைவு வந்துவிட்டது.

1779 ஜனவரியில் பத்தொன்பது வயதுப் பையனாகச் சிமியோன் இந்தக் கல்லூரிக்கு வந்தார். நல்ல உடுப்பு, குதிரை என்று இருந்த பணக்கார வீட்டுப் பிள்ளை. வந்த சில நாளிலேயே, இன்ன தேதியில் திருவிருந்தில், அதாவது இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் வாங்கும் ஆராதனையில், கட்டாயம் பங்குபெற வேண்டும் என்று கல்லூரியிலிருந்து தாக்கீது வந்தது. பயந்துபோனார். இந்த நிலையில் நான் போவதும் சாத்தான் போவதும் ஒன்றுதானே என்று எண்ணி, படிப்பும் உபவாசமும் ஜெபமுமாக மூன்று மாதம் தவித்திருக்கிறார். பழைய ஏற்பாட்டுக் காலத்தில் பலியாட்டின் தலையில் கைவைத்துப் பாவத்தை அதன்மேல் சுமத்தினார்களே, அப்படி என் பாவத்தையும் ஒருவர்மேல் வைத்துவிடலாமா என்ற வெளிச்சம் அந்தப் பரிசுத்த வாரத்தில்தான் கிடைத்தது. ஏப்ரல் 4, உயிர்த்தெழுந்த ஞாயிறு. விடியற்காலையில் 'இயேசு கிறிஸ்து இன்று உயிர்த்தெழுந்தார், அல்லேலூயா' என்று சொல்லிக்கொண்டே கண்விழித்தாராம். சிறுவயது முதல் எத்தனையோ முறை பழக்கத்துக்காக எழுந்துபோய்த் திருவிருந்து வாங்கியவள் நான். ஒரு தாக்கீதுக்கு அந்தப் பையன் நடுங்கினதை நினைத்தபோது எனக்கு நெஞ்சு குத்தியது.

அங்கிருந்து பரிசுத்த திரித்துவ ஆலயம் கூப்பிடு தூரம். மார்க்கெட் தெருவில், கடைகளுக்கு நடுவில் நிற்கிறது. எங்கள் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்துக் கோயிலுக்கும் இதே பெயர்தான். பலகையில் பெயரைப் பார்த்ததும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

1782இல், இருபத்து மூன்று வயதில் அவர் இங்கே பொறுப்பேற்றார். சபையார் கேட்டது ஏற்கெனவே இருந்த உதவிக்குருவை. பேராயர் இவரை அனுப்பிவிட்டார். அந்தக் காலத்தில் கோயிலின் இருக்கைகள் குடும்பங்களுக்குச் சொந்தம்; அடைப்பும் கதவும் பூட்டும் உண்டு. இருக்கைக்காரர்கள் கதவைப் பூட்டிவிட்டு, தாங்களும் வரவில்லை, மற்றவர்களையும் உட்காரவிடவில்லை. கேட்க வந்த ஏழை எளியவர்கள் நடைபாதையில் நின்றார்கள். சிமியோன் தம் கைக்காசைப் போட்டு நாற்காலியும் பெஞ்சும் வாங்கி இடைவெளிகளில் போட்டார். கோயில் நிர்வாகிகள் அவற்றைத் தூக்கி வெளியே எறிந்தார்கள். பிற்பகல் பிரசங்கத்துக்கு வேறொருவரை நியமித்து, அதையும் பன்னிரண்டு வருடம் இவருக்கு விடவில்லை. மாலை ஆராதனை தொடங்கினால் கோயில் கதவையே பூட்டினார்கள். அவர் ஆசிரியராக இருந்த கிங்ஸ் கல்லூரியிலும் ஒதுக்கல்தான். சக ஆசிரியர் ஒருவர் புல்வெளியில் கால் மணி நேரம் தன்னோடு சேர்ந்து நடந்ததே ஆச்சரியமாக இருந்தது என்று சிமியோன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் மனம் நொந்து, கையில் புதிய ஏற்பாட்டோடு நடக்கப் போனார். ஆறுதலாக ஒரு வசனம் தாரும் ஆண்டவரே என்று கேட்டுத் திறந்தபோது கண்ணில் பட்டது: "சிரேனே ஊரானாகிய சீமோன் என்னப்பட்ட ஒரு மனுஷனை அவர்கள் கண்டு, அவருடைய சிலுவையைச் சுமக்கும்படி அவனைப் பலவந்தம்பண்ணினார்கள்." சீமோனும் சிமியோனும் ஒரே பெயர். இயேசுவுக்குப் பின்னால் சுமக்கும்படி சிலுவையை என்மேல் வையும் என்று கேட்டு, சந்தோஷத்தோடு திரும்பிவந்திருக்கிறார். அப்பா இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் தொண்டை கம்மும்.

இயல்பில் அவர் சாது இல்லை. சுள்ளென்று கோபம் வரும். அப்படிப்பட்டவர், "கர்த்தருடைய ஊழியக்காரன் சண்டைபண்ணுகிறவனாயிராமல்" என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் பல்லைக் கடித்துப் பொறுத்தார். அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஜெபித்ததுதான் அதற்கு ஆதாரம் என்று நினைக்கிறேன். அனலாகப் பிரசங்கம் பண்ணுகிறவர்களுக்கு ஜெபப் புத்தகம் ஆகாது என்று நம்மில் ஒரு பேச்சு உண்டு. சுவிசேஷத்துக்காக இத்தனை பாடுபட்ட இவரோ, அந்த அச்சிட்ட ஜெபங்களை வாசிக்கும்போதுதான் கடவுளுக்கு மிகவும் கிட்டத்தில் இருப்பதாகச் சொன்னவர்.

சபையார் முகம் திருப்பினாலும் மாணவர்கள் வந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் அறையில் தேநீர் கொடுத்து, எந்தக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்வார். தேநீர் ஊற்றிய அந்தக் கறுப்புக் கூஜா இன்றும் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கூட்டத்திலிருந்துதான் எத்தனை பேர் புறப்பட்டார்கள்! அவருக்கு உதவிக்குருவாக இருந்த ஹென்றி மார்ட்டின் 1805இல் இந்தியாவுக்குக் கப்பலேறி, புதிய ஏற்பாட்டை உருதுவிலும் பாரசீகத்திலும் மொழிபெயர்த்துவிட்டு, 1812இல் துருக்கியில் முப்பத்தொரு வயதில் இறந்துபோனார். மார்ட்டினின் படத்தைச் சிமியோன் கணப்புக்கு மேலே மாட்டிவைத்திருந்தார். விளையாட்டாக இருந்துவிடாதே என்று அது தம்மைப் பார்த்துச் சொல்வதாகவும், இருக்கமாட்டேன் என்று தாம் பதில் சொல்வதாகவும் நண்பர்களிடம் கூறுவாராம்.

அவருடைய தூண்டுதலால் சென்னை மாகாணத்துக்கு வந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹஃப். 1816இல் பாளையங்கோட்டைக்குப் படைக்குருவாக வந்து, பள்ளிகளைத் தொடங்கி, ஆள் அனுப்புங்கள் என்று சர்ச் மிஷன் சங்கத்துக்கு எழுதியவர் அவர்தான். 1799இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களிலும் சிமியோன் ஒருவர். ஹஃப் எழுதிய கடிதத்தால் 1820இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1826இல் ஊசிக்கோபுரத்துக் கோயில் எழுந்தது. என் ஞானஸ்நானம், கல்யாணம், மகளுடைய ஞானஸ்நானம் எல்லாம் அந்தக் கோயிலில். இங்கே நாற்காலிகளைத் தூக்கி எறிந்தபோது இந்த மனுஷர் கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருந்தால் என்று யோசித்தேன். அதற்குமேல் யோசிக்க முடியவில்லை.

ஆலயத்துக்குள் அவருடைய நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. ஐம்பத்து நான்கு வருடம் இந்தச் சேகரத்தின் குருவானவர் என்று சொல்லி, "இயேசுகிறிஸ்துவை, சிலுவையில் அறையப்பட்ட அவரையேயன்றி" வேறொன்றையும் அறியாதிருக்கத் தீர்மானித்தவர் என்று முடிகிறது. அவர் நின்ற பிரசங்க பீடத்தின் உட்புறத்தில், பிரசங்கியாரின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி "ஐயா, இயேசுவைக் காண விரும்புகிறோம்" என்ற வசனத்தைச் செதுக்கி வைத்திருந்தார்கள். 1836 நவம்பரில் அவரை அடக்கம் செய்த நாளில் ஊர்க் கடைகள் அடைத்திருந்தன; பல்கலைக்கழகமே திரண்டு வந்தது.

மாலை ஆராதனைக்கு இருந்துவிட்டுப் போகலாம் என்று மகளிடம் சொன்னேன். பிள்ளைகள், மாணவர்கள், வெவ்வேறு நாட்டு முகங்கள் என்று உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள். வாசலில் நின்ற இளம்பெண் எங்களைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னாள். எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

"என்னட்டி சொல்றா?"

"எங்க வேணும்னாலும் உக்காருங்கன்னு சொல்றாம்மா."

நடைபாதையை ஒட்டின இடத்தில் போய் உட்கார்ந்தேன்.