மூடாத போர்வெல்

26 அக்டோபர் 2019, சனி

நேற்று மாலை மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுப் பையன் போர் (ஆழ்துளைக் கிணறு) குழியில் விழுந்துவிட்டான். ராத்திரி முழுக்க டிவி முன்னால்தான். முதலில் 26 அடி என்றார்கள். கையில் கயிறு மாட்டி இழுத்துப் பார்த்திருக்கிறார்கள், நிற்கவில்லை. காலையில் 70 அடி என்கிறார்கள்.

திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டி ஆபீஸில் கணக்கு எழுதுபவன் நான். நாலரை இன்ச் குழி என்று செய்தியில் சொன்னதும் எனக்குக் கேசிங் பைப்தான் ஞாபகம் வந்தது. மேல்மண் சரியாமல் இருக்க, பாறை தட்டும் வரை கேசிங் இறக்குவது வழக்கம். தண்ணீர் வந்துவிட்டால் பைப் தரைக்கு மேலே ஒன்றிரண்டு அடி நீட்டிக்கொண்டு நிற்கும். வராவிட்டால், "பைப்பை உருவிக் குடுத்துருங்க" என்பார் நிலத்துக்காரர். போட்ட காசில் அதாவது மிஞ்சட்டும் என்று. அதற்கப்புறம் தரையோடு தரையாக ஒரு ஓட்டை. அதில் ஒரு சாக்கைத் திணித்து, கல்லை வைத்து, மண்ணைத் தள்ளிவிட்டால் மூடியதாகக் கணக்கு. ஒரு நல்ல மழை பெய்தால் மண் உள்ளே இறங்கிவிடும். இந்தக் குழியும் சில வருடங்களுக்கு முன் போட்டு, தண்ணீர் இல்லாமல் மண் கொட்டி மூடியதுதானாம்.

27 அக்டோபர், ஞாயிறு

தீபாவளி. பையன் 88 அடிக்குப் போய்விட்டான்.

குழந்தையை எடுக்கத் துணிப்பை வேண்டும் என்று கேட்டபோது, அந்தத் தாயே தையல் மிஷினில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாராம். அதைக் காட்டிய அதே டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு என் மச்சினன், "பெத்தவ என்ன பண்ணிட்டு இருந்தா?" என்றான். முறுக்குத் தட்டோடு வந்த என் மனைவி தம்பியைப் பார்த்து, "உன்ற பையன் இப்ப எங்க இருக்கான்னு சொல்லு பாக்கலாம்" என்றாள். அவன் எழுந்து மொட்டை மாடிக்கு ஓடினான். பையன் அங்கே தனியாகப் புஸ்வாணம் வைத்துக்கொண்டிருந்தான்.

வாட்ஸ்அப்பிலும் இதே கேள்விதான் சுற்றுகிறது. அந்த ஓட்டைக்கு ஒரு மூடி ஏன் இல்லை என்று கேட்டவர் என் குரூப்பில் ஒருவரும் இல்லை.

28 அக்டோபர், திங்கள்

பக்கத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் குழி தோண்டுகிறார்கள். பாறை விடமாட்டேன் என்கிறது. ஒரே ராத்திரியில் ஐந்நூறு அடி போடுகிறீர்களே, இதற்கு ஏன் இத்தனை நேரம் என்று ஆபீஸுக்கே போன் செய்து கேட்கிறார்கள். நாலரை இன்ச் வேறு, ஒரு மீட்டர் வேறு. அடிக்கு அடி எழுபது மடங்குக்கு மேல் பாறையை உடைத்து வெளியே எடுத்தாக வேண்டும். பாறையை இடித்து உடைக்கும் எங்கள் ஹேமர் அதற்கானது அல்ல. 2006-ல் ஹரியானாவின் குருக்ஷேத்திரம் பக்கத்தில் ஐந்து வயதுப் பையனை ராணுவம் பக்கவாட்டில் தோண்டி உயிரோடு தூக்கியதைப் பார்த்ததிலிருந்து எல்லோருக்கும் அந்த முடிவுதான் மனதில் நிற்கிறது. அங்கே இருந்தது இந்தப் பாறை இல்லை. கருவி இல்லாத அரசு என்று திட்டுவது சுலபம். குழந்தை 88 அடியில் மாட்டிய பிறகு எந்த நாட்டு மெஷினும் சூதாட்டம்தான் என்பது என் கருத்து.

திட்டவேண்டிய இடம் வேறு. உச்ச நீதிமன்றம் 2010 பிப்ரவரியிலேயே எழுதி வைத்துவிட்டது. போர் போட 15 நாள் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வண்டிக்காரர் பதிவு பெற்றிருக்க வேண்டும். போடும்போது சுற்றிலும் முள்கம்பி வேலி, பெயர் எழுதிய பலகை. பைப்புக்கு இரும்பு மூடி. கைவிட்டால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். கண்காணிக்க வேண்டியது மாவட்ட ஆட்சியர். கிராமத்தில் ஊராட்சித் தலைவரும் வேளாண் அதிகாரியும். தமிழ்நாட்டில் 2015-ல் தனி விதிகளே வந்தன. நான் பார்த்த தோட்டங்களில் அந்தப் பலகையைப் பார்த்ததில்லை.

29 அக்டோபர், செவ்வாய்

முடிந்துவிட்டது. விடிவதற்கு முன்பே அறிவித்தார்கள். உடல் சிதைந்த நிலையில் எடுத்து, காலையிலேயே அடக்கமும் செய்துவிட்டார்கள்.

இன்னொரு செய்தி. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் இந்த மீட்பை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வீட்டில், இரண்டு வயதுப் பெண் குழந்தை குளியலறைத் தண்ணீரில் மூழ்கி இறந்திருக்கிறது. குழந்தைகள் விழுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நாளில், அதையே பார்த்துக்கொண்டிருந்த வீட்டில். பெற்றவர்கள் கவனமாக இருந்தால் போதும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? இரண்டு வயதுப் பிள்ளையை நாளெல்லாம் கண்ணிமைக்காமல் பார்க்க எந்த வீட்டிலும் ஆள் கிடையாது. அதனால்தான் மூடி, வேலி, விதி எல்லாம்.

நடுக்காட்டுப்பட்டியில் ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லவேண்டும். குழி அவர்கள் குடும்ப நிலத்திலேயே இருந்தது. விதிப்படி நிலத்துக்காரருக்கும் பொறுப்பு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் பொறுப்பு என்பது அவர் ஒருவர் தலையில் வந்து நிற்பதும், பைப்பை உருவிக்கொடுத்துவிட்டுப் போகும் வண்டிக்காரரும் பதிவேடு வைத்திருக்க வேண்டிய அலுவலகமும் பேச்சிலேயே வராததும் நியாயமா? பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் இதற்குமேல் எதைத் தண்டனை என்று கேட்பது?

3 நவம்பர், ஞாயிறு

எல்லா மாவட்டத்திலும் கைவிட்ட போர்களை மூடச் சொல்லி உத்தரவு பறக்கிறது. மழைநீரை உள்ளே விடும் அமைப்பாக மாற்றலாம் என்றும் சொல்கிறார்கள். நல்ல யோசனைதான், தரையில் வாய் திறந்து கிடக்காமல் இருந்தால்.

ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு தோட்டக்காரர் போன் செய்தார். தண்ணீர் வராத இரண்டு ஃபெயில் போர், வேறொரு கம்பெனி வண்டி போட்டது. "மூடறதுக்கு ரொம்பச் செலவாகுமுங்களா?" கணக்குப் போட்டுக் காட்டினேன். நாலரை இன்ச்சில் 600 அடிக் குழியின் மொத்தக் கொள்ளளவே 66 கன அடிதான். மணல், ஜல்லி விற்கும் ஒரு யூனிட் 100 கன அடி. அதாவது முக்கால் யூனிட்கூட வேண்டாம். அதுவும் வெளியிலிருந்து வாங்கவேண்டியதில்லை, போர் போடும்போது வந்த பாறைத்தூள் அங்கேயே குவிந்து கிடக்கும்.

"அதை ரோட்டுக்குக் கொட்டிட்டமுங்க" என்றார். அப்புறம், "வண்டிக்காரன்தான மூடிக் குடுக்கணும்?" என்றார். அவனும் செய்திருக்க வேண்டும், இப்போதைக்கு நிலம் உங்களுடையது, உங்கள் பேரப்பிள்ளைகளும் அங்கேதான் விளையாடுகிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் வாதாடினார். கடைசியில் எம்-சாண்டா, சின்ன ஜல்லியா, எது சிக்காமல் இறங்கும் என்று கேட்டார். ஜல்லி என்றால் பாதியில் அடைத்துக்கொண்டு நிரம்பினமாதிரி ஏமாற்றும், எம்-சாண்டே போடுங்கள் என்று சொல்லி, லோடு அடிக்கும் டிரைவர் நம்பரையும் கொடுத்தேன்.