மின்சார எஸ்.யு.வி.யின் பின்கண்ணாடியை வீட்டிலேயே மாற்றிய அனுபவம்

மின்சார வண்டியின் பின்கண்ணாடியை நானே மாற்றப் போகிறேன் என்றதும், பெங்களூரு அல்சூரில் எங்கள் அடுக்ககத்தில் இருப்பவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: கரண்ட் அடிக்காதா? அதற்கு விடை எளிது. இத்தகைய வண்டிகளில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையே ஓடும் உயர் மின்னழுத்தக் கம்பிகள் ஆரஞ்சு நிற உறைக்குள் இருக்கும். எங்கள் வண்டியில் அவை அடிப்பகுதியிலும் பானெட்டுக்குள்ளும் மட்டுமே செல்கின்றன. டிக்கி கதவுக்கு வந்து சேர்பவை பெட்ரோல் வண்டியில் இருப்பதைப் போன்ற சாதாரண 12 வோல்ட் ஒயர்கள். கேமரா, வைப்பர் மோட்டார், மேலே இருக்கும் பிரேக் விளக்கு, கண்ணாடியில் படியும் ஈரத்தைப் போக்கும் டிஃபாகர், கதவின் லாக் ஆகியவற்றுக்கு அப்பால் அங்கே எதுவும் இல்லை. உண்மையில் என் பொறுமையைச் சோதித்தவை மின்சாரத்தோடு சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயங்கள்: கதவின் உட்கூட்டுக்குள் இறங்கிவிட்ட சில்லுகள், கண்ணாடியைத் தகரத்தோடு பிணைக்கும் பசை. ஆகவே இந்தக் குறிப்பின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதே.

கண்ணாடி உடைந்த கதை சுருக்கமானது. மே மாதக் கோடை மழைக்கு முன் வீசிய காற்றில் தூங்குமூஞ்சி மரத்தின் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. இந்த ஊரில் அது அதிசயம் இல்லை. தகரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பின்கண்ணாடி மட்டும் பொடிந்துபோனது. காப்பீட்டில் மற்ற பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்கள், கண்ணாடிக்குக் கழிப்பதில்லை. அந்த வகையில் கிளெய்ம் செய்வது லாபம்தான். ஆனால் கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்காக 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை ஏறிச் செல்லும் பிரீமியத் தள்ளுபடி, ஒரே கிளெய்மில் பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடும். என் பாலிசியில் அது 35 விழுக்காட்டை எட்டியிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்து, கைக்காசைச் செலவழிப்பதே மேல் என்று முடிவு செய்தேன். கூடவே, இந்த வேலையைச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை வெகு நாளாக இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஜே.சி. ரோடு, சனிக்கிழமை காலை

முன்கண்ணாடி என்றால் இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. உடைந்தாலும் விரிசலோடு இடத்திலேயே நிற்கும். என் வண்டியின் பின்கண்ணாடி அப்படியல்ல. அதை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றை வேகமாக அடித்துக் குளிர வைத்திருப்பார்கள். அப்போது மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உள்பகுதி பின்னர் குளிர்ந்து சுருங்க முயல்கிறது. அதனால் வெளிப்புறம் எப்போதும் அமுக்கத்திலும் உட்புறம் எப்போதும் இழுவிசையிலும் இருக்கும். எங்கேனும் ஓர் இடத்தில் அந்தச் சமநிலை குலைந்தால் முழுக் கண்ணாடியும் கற்கண்டுத் துண்டுகளாகச் சிதறும். ஆளைக் கிழிக்கும் நீண்ட சில்லுகள் உண்டாகாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. இதே காரணத்தால் அதை வாங்கிவந்த பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. வைப்பருக்கான துளை, வளைவு, டிஃபாகர் கோடுகள் எல்லாம் உற்பத்தியிலேயே சரியாக இருந்தாக வேண்டும்.

எனவே ஜே.சி. ரோட்டில் இருக்கும் உதிரிபாகக் கடைக்குப் போகுமுன் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டேன். எங்கள் மாடலுக்குப் பெட்ரோல் வகையும் உண்டு. வெளிப்பார்வைக்கு இரண்டின் பின்கண்ணாடியும் ஒன்றே. ஆனால் ஆன்டெனாவுக்கான மேல் கோடுகள் இருப்பது, இல்லாதது என்று பாக எண்கள் மாறுகின்றன. மாடல் பெயரைச் சொல்லி வாங்குவது ஆபத்து, சேசிஸ் எண்ணைச் சொல்லி வாங்குவதே சரி. கண்ணாடியின் கீழ் மூலையில் ஐ.எஸ். 2553 என்ற தர எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்த்தேன். கறுப்புச் சாயம் ஏறிய கண்ணாடி ஒன்றையும் எடுத்துக் காட்டினார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 100இன்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும் என்பதால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அங்கே கண்ணாடி பொருத்தும் பெரியவர் ஒருவர், கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், நான் பசை வாங்குவதைக் கவனித்துவிட்டு அருகில் வந்தார். "சார், பழைய கம்மை அடியோட சொரண்டிடாதீங்க. ரெண்டு மில்லி விட்டுட்டு மேலால சீவுங்க. தகரம் தெரிஞ்சா துரு ஏறிடும்" என்றார். "அப்புறம், சிலிகான் மட்டும் போட்டுடாதீங்க சார், அது பாத்ரூமுக்குப் போடுறது." இந்த இரண்டு வாக்கியங்களில் தொழிலின் பாதி அடங்கியிருக்கிறது என்பது மறுநாள் விளங்கியது.

அன்று மாலை

டிக்கி கதவைத் திறந்து வைத்து வெகு நேரம் வேலை செய்தால் வண்டி விழித்தே இருக்கும். உள்ளே இருக்கும் கணினிகள் சிறிய 12 வோல்ட் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் சின்ன பேட்டரி இறங்கிப்போய் வண்டி அசையாமல் நிற்பது மின்சார வண்டிக்காரர்கள் அறிந்த அவதி. ஆகவே டிக்கியைத் திறந்துவைத்த பிறகு 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டேன். இந்த வரிசை முக்கியம். லாக் மின்சாரத்தில் இயங்குவது. கதவை மூடிய பின் முனையைக் கழற்றினால் வெளியிலிருந்து திறக்க வழியிருக்காது.

கதவின் உட்புறப் பிளாஸ்டிக் மூடியைப் பிளாஸ்டிக் நெம்பியால் சுற்றிலும் தூக்கினால் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விடுபடும். எடுத்தவுடன் உள்ளே பார்த்தபோது, மேலே கிடந்த சில்லுகளைக் கூட்டி எடுத்தது வேலையின் தொடக்கம் மட்டுமே என்று தெரிந்தது. கதவு என்பது இரண்டு தகரங்களுக்கு நடுவே வெற்றிடம் கொண்ட ஒரு கூடு. வைப்பர் மோட்டாரின் அடியில், லாக்கைச் சுற்றி, கீழ் விளிம்பின் மடிப்பில் என எங்கும் சில்லுகள் தங்கியிருந்தன. வாக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி டேப் சுற்றி, துளைகள் வழியே விட்டு உறிஞ்சினேன். பிறகு கதவைப் பாதி இறக்கி, உள்ளங்கையால் தட்டித் தட்டி, சில்லுகள் ஒரு மூலைக்கு உருண்டு வந்ததும் மீண்டும் உறிஞ்சினேன். கீழ் விளிம்பில் மழைநீர் வடியும் துளைகள் இருக்கின்றன. அவற்றில் அடைத்துக்கொண்டிருந்த சில்லுகளை வளைந்த கம்பியால் எடுத்தேன். அவை அடைத்தே இருந்தால் பின்னாளில் கதவுக்குள் தண்ணீர் தேங்கும்.

இதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்கலாம். பெட்ரோல் வண்டியில் இன்ஜின் சத்தத்தில் மறைந்துவிடும் ஓசை, இதில் மறையாது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கதவுக்குள் நான்கு சில்லுகள் கிடந்தாலும் சலங்கை கட்டியது போல் காதில் விழும். இருக்கைகளின் கீழ், பெல்ட் பூட்டும் இடத்தின் இடுக்கு, உதிரிச் சக்கரக் குழி ஆகியவற்றையும் அன்றே முடித்தேன். தடித்த கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. சின்னத் துண்டுகள் ஆளைக் கிழிக்காது என்றாலும் விரல் நுனியில் ஏறும்.

ஞாயிறு

கதவின் சட்டத்தில் ஒட்டியிருந்த பழைய பசையையும் அதில் பதிந்து நின்ற கண்ணாடி ஓரத்தையும் நீண்ட அலகு கொண்ட கத்தியால் சீவ வேண்டும். பெரியவர் சொன்னபடி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு படுகை மிஞ்சும்படி, கத்தியைத் தகரத்துக்கு இணையாகப் படுக்க வைத்து இழுத்தேன். இந்தப் பசை பாலியூரித்தேன் வகை. புதிதாகச் சீவிய பழைய பாலியூரித்தேன் மீது புதிய பாலியூரித்தேன் நன்றாகப் பிடிக்கும். பெயின்ட்டின் மீதோ வெறும் தகரத்தின் மீதோ அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஓரிரு இடங்களில் பெயின்ட் முன்பே பெயர்ந்திருந்தது. அங்கே மட்டும் கறுப்புப் பிரைமரைத் தடவி, டப்பாவில் குறித்திருந்த நேரம் வரை காய விட்டேன். சீவிய பரப்பில் பிறகு கை படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசையே ஒட்டைக் கெடுக்கப் போதுமானது.

புதிய கண்ணாடியின் ஓரத்தில் சுற்றிலும் இருக்கும் கறுப்புப் பட்டை அழகுக்காக வைத்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது கண்ணாடியோடு சேர்த்துச் சுட்ட பீங்கான் பூச்சு. வெயிலின் புற ஊதாக் கதிர் பசையின் மேல் படாமல் காப்பதே அதன் முதல் வேலை. அந்தப் பட்டையை, பசை நன்றாகப் பிடிக்க உதவும் ஆக்டிவேட்டர் திரவத்தில் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்தேன்.

கண்ணாடியின் எடையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு 2.5 கிலோ இருக்கும். எங்களுடையது 3.2 மில்லிமீட்டர் கனம், பரப்பு ஏறத்தாழ அரை சதுர மீட்டர். ஆக நான்கு கிலோ. தூக்குவதற்குச் சிரமமில்லை. ஆனால் அந்த நான்கு கிலோ இல்லாத கதவை, அதைத் தாங்கித் தூக்கும் கேஸ் கம்பிகள் வழக்கத்தைவிட வேகமாக மேலே தள்ளும் என்பதால், இடைப்பட்ட நாளில் திறப்பவர் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.

முனையை மீண்டும் இணைத்து, கதவை மூடி, பசை இல்லாமல் கண்ணாடியை ஒருமுறை வைத்துப் பார்த்து, நான்கு பக்க இடைவெளியும் சமமாக வந்த நிலையில் மாஸ்க்கிங் டேப்பைக் கண்ணாடியிலும் தகரத்திலும் சேர்த்து ஒட்டி, நடுவில் வெட்டிவிட்டேன். இரண்டாம் முறை வைக்கும்போது டேப்பின் இரு பாதிகளும் நேருக்கு நேர் வந்தால் போதும், கண்ணால் மதிப்பிட வேண்டியதில்லை.

பசை வேலையைக் கீழ்த்தளத்தில் செய்யாமல் சரிவுப் பாதையின் வாயிலில், காற்றோட்டத்தில் செய்தேன். இந்தப் பசை வெயிலில் காய்வதில்லை. அதிலுள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. அதனால் மே மாத மழைக்காற்று இதற்கு உதவியே செய்கிறது. அதே ஐசோசயனேட் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது என்பதால் கையுறையைக் கழற்றவே இல்லை. பசைக் குழாயின் பிளாஸ்டிக் மூக்கில் 'வி' வடிவ வெட்டு இட்டு, பசைத் துப்பாக்கியைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்தால், முக்கோண வடிவில் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்குப் பசை எழுந்து நிற்கும். கண்ணாடி அமரும்போது முக்கோணத்தின் உச்சி முதலில் தொட்டு, பிறகு இரு பக்கமும் பரவுவதால் காற்று சிறைப்படாது. கீழ் விளிம்பின் நடுவில் தொடங்கிச் சுற்றி வந்து அங்கேயே முடித்தேன். கைத்துப்பாக்கியில் அழுத்தும்போது மணிக்கட்டு கெஞ்சும். எங்கும் நிறுத்தாமல் ஒரே சீராக வர வேண்டும் என்பதால், பழைய அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் முன்பே இழுத்துப் பழகியிருந்தேன்.

இரண்டு சக்ஷன் கப்புகளில் ஒன்றை நானும் மற்றதை மைத்துனரும் பிடித்தோம். "மாமா, கீழ் ஓரம் முதல்ல உட்காரட்டும்" என்று அவர் சொன்னது சரியான யோசனை. கீழே அமர்த்தி மெல்ல மேலே சாய்த்து, உள்ளங்கையால் சுற்றிலும் அழுத்தி, நழுவாமல் டேப் போட்டோம். பக்கவாட்டுக் கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கி வைத்தேன். எல்லாவற்றையும் மூடிய வண்டியின் கதவை அறைந்து சாத்தினால் உள்ளே அடைபடும் காற்று, இறுகாத பசையைத் தள்ளிவிடும்.

அடுத்த வார இறுதி

பொதுவாக இப்பசை ஒரு நாளைக்கு மூன்று மில்லிமீட்டர் ஆழம் வரை இறுகும் என்பதால், வாரம் முழுவதும் வண்டியை எடுக்காமல் வைத்திருந்து இப்போது தண்ணீர் விட்டுப் பார்த்தேன். பிரஷர் பம்பு வேண்டாம், தோட்டக் குழாயே போதும். மைத்துனர் வெளியே மேலிருந்து கீழாகத் தண்ணீர் விட, நான் உள்ளே உட்கார்ந்து ஓரமெங்கும் டிஷ்யூ காகிதத்தை ஒற்றி எடுத்தேன். எங்கும் ஈரம் இல்லை. ஓசூர் சாலை மேம்பாலத்தில் எண்பதில் ஓட்டியபோது பின்னாலிருந்து காற்றின் சீழ்க்கையும் கேட்கவில்லை, சலங்கையும் கேட்கவில்லை. பண்பலை 101.3 முன்போலவே தெளிவாக வருகிறது; மேல் கோடுகளின் ஆன்டெனா இணைப்பு சரி.

டிஃபாகர்தான் கொஞ்சம் மிச்சம் வைத்தது. இரு முனைகளுக்கு இடையே மொத்த மின்தடையை அளந்தால் ஒரு ஓமுக்கு அருகில் வரும். பல கோடுகள் இணையாக ஓடுவதால் ஒன்று அறுந்திருந்தாலும் அந்த எண்ணில் பெரிய மாற்றம் தெரியாது. ஆகவே வண்டியை இயக்கி டிஃபாகரைப் போட்டு, மல்டிமீட்டரின் ஊசியில் அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டு, கோடுகளைக் கீறாமல் ஒவ்வொன்றின் நடுவிலும் தொட்டுப் பார்த்தேன். முனையில் 13.8 வோல்ட். நல்ல கோடுகளின் நடுவில் ஏழுக்கு அருகில் காட்டியது. கீழிருந்து மூன்றாவது கோட்டில் மட்டும் நடுவிலும் 13.8 நின்றது. அங்கிருந்து தரை (நெகட்டிவ்) முனைப் பக்கமாக ஊசியை நகர்த்தினால் ஓரிடத்தில் எண் சட்டென்று பூஜ்ஜியத்துக்கு விழுகிறது. அந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் முடி அளவு இடைவெளி ஒன்று தெரிந்தது; கண்ணாடி வரும்போதே இருந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

எஸ்.பி. ரோடில் மின்கடத்தும் வெள்ளிப் பெயின்ட் சின்னக் குப்பியில் கிடைக்கிறது. கோட்டின் மேலும் கீழும் டேப் ஒட்டி, நடுவே கோட்டின் அகலம் மட்டும் தெரியும்படி விட்டு, இரண்டு பூச்சுக் கொடுத்து ஒரு நாள் காய வைத்தேன். இப்போது அந்தக் கோட்டின் நடுவிலும் ஏழு காட்டுகிறது. பிளாஸ்டிக் மூடியைத் திரும்பப் போடும்போது உடைந்த இரண்டு கிளிப்புகளுக்குப் பதில் புதியவை வாங்க வேண்டும். அதுவரை மூடி கிளிப் இல்லாத பக்கம் டேப்பில் நிற்கிறது.