ஜூன் பேக்கன்-பெர்சி

1970களின் தொடக்கம், அமெரிக்காவின் பஃபலோ நகரம். டிவியில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தவர் வங்கிக் கொள்ளை வழக்கில் கைதாகிவிட்டார் (சத்தியமாகக் கதை விடவில்லை!). அவர் இடத்தில் அவசரமாக நிறுத்தப்பட்டவர்தான் ஜூன். வெப்ப அலை வரும் என்று முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார். மறுநாளே வெயில் கொளுத்தியது, வேலையும் கைக்கு வந்தது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1954இல் வானிலையியல் பட்டம் வாங்கியவர். "மனையியல் படியேன்" என்று அங்கே அறிவுரை வேறு!

எனக்குப் பிடித்தது 1977இல் நடந்ததுதான். டிவி வினாடி வினா, தலைப்போ பேண்டு இசையமைப்பாளர் ஜான் பிலிப் சூசா. ஜெயித்தது 64,000 டாலர். அதைக்கொண்டு வளிமண்டல அறிவியல் படிக்கும் பெண்களுக்கு உதவித்தொகை தொடங்கினார்.