1920 டாலரின் சிவந்த கன்னம்

கையில் இருப்பது 1920-ஆம் ஆண்டு ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் காலனி) ஒரு டாலர் வெள்ளி நாணயம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் கன்னம், புருவம், கிரீடத்தின் மேடு எல்லாம் செம்பு கலந்த இளஞ்சிவப்பு. எழுத்துகளுக்கு இடையிலும் பின்பக்க வேலைப்பாட்டின் பள்ளங்களிலும் பளிச்சென்ற வெள்ளை. செம்பில் வெள்ளி முலாம் பூசிய போலி என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். 2017-இல் மூடப்பட்ட சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் வாங்கியது வேறு. அங்கே நல்லதும் கிடைக்கும், மற்றதும் கிடைக்கும்.

காந்தம் ஒட்டவில்லை. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, பித்தளையும் செம்பும்கூட ஒட்டாது. விட்டம் 34 மி.மீ., சரி. எடை 16.71 கிராம். அச்சானபோது 16.85 இருந்திருக்கும், நூறு வருஷத் தேய்மானத்துக்கு இந்தக் குறைவு நியாயம்தான். ஆனால் விட்டத்தையும் எடையையும் போலி செய்பவனும் பொருத்திவிடுவான், தடிமனைக் கொஞ்சம் கூட்டினால் போதும். அடர்த்தியில் ஏமாற்றுவதுதான் கஷ்டம்.

அதனால் தண்ணீர்ச் சோதனை. நகைத் தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, தையல் நூலில் காசைக் கட்டி அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டால் காற்றுக்குமிழி ஒட்டாது. எனக்கு 1.73 வந்தது. 16.71-ஐ அதால் வகுத்தால் அடர்த்தி 9.66. பாதி வெள்ளி, பாதி செம்பு என்றால் 9.67 அளவில் வர வேண்டும். முலாம் பூசிய செம்பு 9-ஐத் தொடுவதே பெரிது. ஆக, காசு அசல்.

அப்படியானால் இந்த இரட்டை நிறம்? சிங்கப்பூர் தேக்கா பக்கம் நகைப்பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் காட்டினேன். "முலாம் இல்ல தம்பி. கலப்பு வெள்ளியைக் காய்ச்சினா மேல இருக்கிற செம்பு கருத்துடும். ஆசிட்ல போட்டா அந்தக் கருப்பு மட்டும் கரைஞ்சு போயிடும், வெள்ளி நிக்கும். ஊர்ல புளித்தண்ணியிலயே பண்ணுவோம்" என்றார்.

நாணயச்சாலையிலும் இதே வேலைதான். வெட்டிய வில்லைகளைச் சூடாக்கி இளக்கும்போது மேற்பரப்பிலுள்ள செம்பு ஆக்சைடாகிறது. நீர்த்த கந்தக அமிலம் அதைக் கரைத்துவிடுகிறது. மிஞ்சும் மெல்லிய வெள்ளித் தோலின் மேல்தான் அச்சு விழுகிறது. புழங்கப் புழங்க மேடுகளில் தோல் தேய்ந்து, உள்ளிருக்கும் கலவை எட்டிப் பார்க்கிறது. பெரியவர் எக்ஸ்ரே கருவியிலும் வைத்துப் பார்த்தார்: பள்ளத்தில் 64 சதவீத வெள்ளி, கன்னத்தில் 52. பள்ளத்தை மட்டும் சோதித்திருந்தால் குழம்பியிருப்போம்.

ஏன் பாதி வெள்ளி? எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். 1906-இல் ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரின் மதிப்பை 2 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ் என்று கட்டிவைத்தார்கள். அடுத்த ஆண்டு முதல் அடித்த டாலர் 20.21 கிராம், 90 சதவீத வெள்ளி. 1920 பிப்ரவரியில் லண்டனில் வெள்ளி (92.5 சதவீதத் தரம்) அவுன்ஸ் 89½ பென்ஸுக்கு ஏறியது. கணக்குப் போட்டால் அந்தப் பழைய டாலரில் உள்ள வெள்ளி மட்டுமே சுமார் 56½ பென்ஸ் பெறும். உருக்கி விற்றால் இரட்டிப்புக் காசு, யார் சும்மா இருப்பார்கள்? 1919 ஆண்டு பொறித்து வந்த 16.85 கிராம், 50 சதவீத டாலரிலோ அந்த உச்ச விலையிலும் சுமார் 26 பென்ஸ் வெள்ளிதான். 28-க்குக் கீழே, அதனால் உருக்கினால் நஷ்டம்.

என்னிடமுள்ள 1908 டாலரை, ஏழாம் எட்வர்டு காலத்தது, பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதுவும் நன்றாகத் தேய்ந்ததுதான், ஆனால் மேடும் பள்ளமும் ஒரே சாம்பல் வெள்ளை.

பாலிஷ் பவுடர் போட்டுத் தேய்க்கலாமே என்று வீட்டில் யோசனை சொன்னார்கள். மிச்சமிருக்கும் தோலும் போய்விடும், வேண்டாம். பிவிசி இல்லாத உறையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தாயிற்று. நம்மூர் ஈரப்பதத்துக்கு அது அவசியம்.

அடுத்து சோதிக்க நினைப்பது மலாயாவின் 20 சென்ட் நாணயங்கள். 1939-இல் அடித்தது 75 சதவீத வெள்ளி, 1943-இல் அடித்தது 50. இரண்டுமே 5.43 கிராம்தான், விலக்கும் தண்ணீரில் வித்தியாசம் வெறும் 0.02 கிராம். என் தராசுக்கு அது எட்டாது, மில்லிகிராம் காட்டும் தராசு ஒன்று தேட வேண்டும்.